பதினொரு வேட்டும் ஐந்து திரியும்

லண்டனில் ஒரு அருங்காட்சியகத்தில் நான் காவலாளி. நான் காவல் பார்க்கும் அறையின் சுவரில் ஒரு இந்திய ராசாவின் படம் தொங்குகிறது. சின்னச் சமஸ்தானம். யானை மேல் ஏறி ஊர்வலம் போகலாம். மற்ற எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரத் துரையிடம் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் பிரித்தானியர் ராசாக்களைப் பீரங்கி வேட்டால் தரம் பிரித்தார்கள். பெரிய ராசாவுக்கு இருபத்தொரு வேட்டு, எங்கள் ஆளுக்குப் பதினொன்று. பதின்மூன்று தாருங்கள் என்று ஆயுள் முழுக்க மனு எழுதினார். ஒருவழியாகக் கிடைத்தபோது அவருக்குக் காது கேட்காமல் போயிருந்தது. படத்துக்குக் கீழே உள்ள அட்டையில் இவ்வளவும் எழுதியிருக்கிறது. எத்தனையோ தடவை வாசித்துச் சிரித்திருக்கிறேன்.

நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற லண்டன் பகுதியில், எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேச்சு யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது குத்துவிளக்கு. எங்கள் விழாக்களில் ஐந்து திரிக்கு ஐந்து பேரை ஒலிபெருக்கியில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர்தான் ஆள். பத்து வருசமாக அந்த மண்டபத்தில் கதிரை அடுக்குகிறவன் நான். ஒரு திரி கேட்டுப் பள்ளிக்கூடச் செயலாளருக்கு நாலு மின்னஞ்சல் அனுப்பினேன், மிகப் பணிவாக.

விழாவன்று முதல் திரி மேயருக்கு. வெள்ளைக்காரப் பெண்மணி; மெழுகுதிரியை எப்படிச் சரிப்பது என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். பிறகு டொக்டர், கணக்காளர், கோயில் தர்மகர்த்தா, பலசரக்குக் கடை முதலாளி. ஐந்தும் முடிந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலிலோ என்னவோ, பேச்சு நன்றாக வந்தது. இரண்டு வேட்டுக்காக மனுப் போட்ட மனிதரைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. முன் வரிசையில் என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என் மின்னஞ்சல்களுக்கு எழுத்துப் பிழை பார்த்தவள் அவள்.

காரில் ஏறியதும் சொன்னாள்: "அந்த ராசா கெட்டிக்காரன். மனுப் போட்டு ரெண்டு வேட்டாவது வாங்கினான்."

அடுத்த நாள் தேநீர் இடைவேளையில் செயலாளர் எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, பேச்சு திறம். வாற வருசம் அஞ்சாவது திரி உங்களுக்குத்தான். ஓமோ?"

"ஓம் தம்பி, கட்டாயம் வாறன்."

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோசமாக இருந்தது. ராசா இருந்த அறைப் பக்கம் திரும்பாமல், குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:

"தம்பி, நாலாவது தர ஏலாதோ?"