கதிரையில் இருக்க ஆள் இல்லை

எண்ணெய் வர்ணம் காய்வதற்கு வாவிக்கரை ஏற்ற இடமில்லை. கச்சான் காற்று வீசும் காலத்தில் மணல் வந்து படத்தில் ஒட்டும். மாரியில் கிழமைக் கணக்காக ஈரம் போகாது. நுளம்புகள் வந்து படத்தில் கீறி வைத்த கன்னத்திலும் நெற்றியிலும் ஒட்டிக்கொண்டு சாகும். அவற்றை ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இதையெல்லாம் அந்த நிவாரண நிறுவனத்து அலுவலருக்கு நான் முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு வராது. படம் கீறும் வகுப்பு எடுப்பீர்களா என்று அவர் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். தையல் படிக்கப் போன கன்னியர் மடத்தில் யாரும் தொடாமல் கிடந்த வர்ணப் பெட்டியில்தான் கை பழகியது. பிறகு அதுவே தொழிலானது. என் தொழில் செத்தவர்களைக் கீறுவது. வீட்டில் ஒருவர் இறந்தால் அவருடைய அடையாள அட்டைப் படத்தை என்னிடம் கொண்டுவந்து தருவார்கள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்குள் அதைப் பெரிதாகக் கீறிக் கொடுப்பேன். முகம் நேரே பார்க்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. ஆணென்றால் சேட்டுக்கு மேல் ஒரு கோட்டையும் போட்டுவிட வேண்டும். படம் வீட்டுக்குப் போனதும் சட்டம் அடித்து, மாலை போட்டு, முன்னால் விளக்கு வைப்பார்கள். நான் யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அந்தத் தொழில் பிடித்திருந்தது.

சுனாமிக்குப் பிறகு வந்த உதவிப் பொருட்களில் எண்ணெய் வர்ணப் பெட்டிகளும் இருந்தன. எந்த நாட்டில் எந்த நல்ல மனிதர் அனுப்பினாரோ தெரியாது. சனங்கள் கேட்டது வலையும் சட்டி பானையும். வந்தது வர்ணம். வந்ததை எதற்காவது பயன்படுத்த வேண்டும் என்று அலுவலர் ஒரு வகுப்பைத் தொடங்கினார். தகரக் கூரை போட்ட மண்டபம் ஒன்று வாவிக்கரையில் இருந்தது. அங்கே கடலில் வீடிழந்த பெண்கள் வந்தார்கள். பிறகு வடக்கே வாகரைப் பக்கம் சண்டை தொடங்கியது. காட்டுக்குள்ளால் நடந்து தப்பிவந்து பக்கத்து முகாமில் இருந்தவர்களிலும் சிலர் வந்து சேர்ந்தார்கள். வெயில் ஏறினால் தகரமும் டர்பன்டைன் மணமும் சேர்ந்து தலையைப் பிளக்கும். வர்ணப் பெட்டியோடு நான் வரும் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் வெள்ளை வர்ணக் குழாயைத் திறந்து பாதியை நிலத்தில் பிதுக்கிப் பார்த்தான். பாதி வெள்ளையில் என்னத்தைக் கீறுவது? பெட்டியில் 'தோல் நிறம்' என்று எழுதிய குழாய்கள்தான் நிறையக் கிடந்தன. அது அவித்த இறாலின் நிறம். எங்கள் ஊரில் அந்த நிறத்தில் யாரும் இல்லை.

செய்து காட்டுவது எனக்கு லேசாக இருந்தது. அப்போது முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கலாம். மேசையில் ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு மாம்பழம், மடித்த துணி வைத்தேன். வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழலுக்குள் நீலம் எப்படிக் கிடக்கிறது என்று தாங்கியில் வைத்த துணிச்சட்டத்தைப் பார்த்தே சொன்னேன். அடுத்த வகுப்புக்கு வந்து பார்த்தால் செம்பின் வாயில் மாவிலையும் தேங்காயும் இருந்தன. பக்கத்தில் வெற்றிலை, பழம், திருநீறு. நான் தேங்காயை எடுத்து வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அது திரும்பவும் செம்பில் ஏறியிருந்தது.

"செம்ப வெறுமையா வைக்கிறல்ல ரீச்சர்" என்றார் மீன்காரி அக்கா. சந்தையில் மீன் விற்பவர். வகுப்பிலேயே பெரிய உடம்பும் பெரிய வாயும் அவருக்குத்தான். "பொருள் வைக்கிறதெண்டா ஒழுங்கா வைக்கணும் கா."

கடைசியில் எல்லோரும் நிறைகுடம் கீறினார்கள். செம்பின் பளபளப்பைக் காட்டத்தான் அதை வைத்தேன். அதைத் தவிர எல்லாவற்றையும் கீறியிருந்தார்கள்.

நிறைகுடமும் கீறாத ஒருவர் இருந்தார். வாகரைக்கு அங்கால் ஒரு மீன்பிடிக் கிராமத்திலிருந்து வந்தவர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். ஒவ்வொரு வகுப்பிலும் செம்பின் ஒரு பக்கத்தை மட்டும் கீறிவிட்டுத் தூரிகையை வைத்துவிடுவார். "முகம் எப்ப கீறுற ரீச்சர்?" என்று கேட்பார். முதலில் செம்பு, பிறகு பழம், பிறகு துணி, அதன் பிறகுதான் முகம் என்று சொன்னேன். அடுத்த முறையும் அதையேதான் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. செம்பை உருட்டிக் காட்டத் தெரியாதவர் மூக்கை எப்படி உருட்டுவார்?

ஒரு நாள் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவர் நின்றார். தன் மகளைக் கடல் கொண்டுபோனதைச் சொன்னார். அடையாள அட்டை எடுக்கும் வயது வராத பிள்ளை. வீட்டிலிருந்த படங்கள் வீட்டோடு போய்விட்டன. பள்ளிக்கூடத்தில் எடுத்த படம் பள்ளிக்கூடத்தோடு போய்விட்டது. சண்டைக்குள் காட்டால் ஓடிவந்த நாட்களில் ஒரு காலை எழும்பியபோது பிள்ளையின் முகம் உடனே வரவில்லையாம். கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் வந்ததாம். அதற்குப் பிறகு அவருக்கு நித்திரை கொள்ளவே பயம்.

"நான் சொல்லச் சொல்ல நீங்க கீறுங்க ரீச்சர்" என்றார். "செத்த ஆக்கள நீங்கதானே கீறுற."

படத்தைப் பார்த்துத்தான் கீறுவேன் என்று சொன்னேன். அவர் அசையவில்லை. சரியென்று தொடங்கினேன். கண் பெரிதா என்றால் அவ்வளவு பெரிதில்லை என்பார். சின்னதாக்கினால் அவ்வளவு சின்னதும் இல்லை. நெற்றி வட்டம், ஆனால் இந்த வட்டம் இல்லை. பொழுதுபட்டபோது துணியில் ஒரு அழகான பிள்ளை இருந்தது, கலண்டரில் வருவதுபோல. அவர் நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இரிக்கு ரீச்சர். ஆனா இது ஆரோ புள்ள."

அந்தத் துணியை நான் சுரண்டி எடுத்தேன். இத்தனை வருசமாகச் செய்த தொழிலில் ஒரு முகத்தை உண்டாக்க எனக்குத் தெரியாது, பார்த்துக் கீறத்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவர் மனதில் இருக்கும் முகத்துக்கு அவருடைய கைதான் பழக வேண்டும். அதற்கு உயிருள்ள ஒரு முகத்தைப் பார்த்துக் கீறிப் பழக வேண்டும். பழம், துணிப் பாடங்களை அப்படியே விட்டுவிட்டு ஒரு கதிரையை நடுவில் போட்டேன்.

கதிரையில் இருக்க ஒருவரும் வரவில்லை. படம் என்றால் செத்தவர்களுக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வீடுகளில் நானே கீறிக் கொடுத்த படங்கள்தான் தொங்கின. நான் யாரைக் குறை சொல்வது? அலுவலரைக் கேட்டால், அவர் வந்து இருந்துவிட்டுத் தொலைபேசி அடித்ததும் எழும்பிப் போனார். போகும்போது, கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும், எல்லோரும் சிரிக்கிற மாதிரிக் கீறுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் மீன்காரி அக்காதான் வந்து இருந்தார். "என்ர மூக்கக் கொஞ்சம் சின்னனாக் கீறுங்க கா. சந்தைக்கு வாறவன் மீனப் பாக்காம அதத்தான் பாக்கிறான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு வகுப்பு நன்றாகப் போனது. வாகரைப் பெண் தாடை எலும்பைச் சரியாகப் பிடித்துவிட்டார். நிழலுக்குப் பச்சையும் காவியும் கலக்கப் பழகிவிட்டார். இன்னும் இரண்டு வகுப்பு இப்படிப் போனால் போதும் என்று நினைத்தேன்.

மீன்காரி அக்கா எழும்பி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்வரிசையில் இருந்த ஒரு பெண், நல்ல மனதோடு, முகத்தைச் சுற்றி மல்லிகை மாலை போட்டு, கீழே ஒரு குத்துவிளக்கும் ஏற்றியிருந்தார். அந்த வகுப்பில் அதைவிடத் திறமான மாலையை யாராலும் கீறியிருக்க முடியாது.

"அடியே, நான் இன்னும் சாகல்லடி" என்றார் மீன்காரி அக்கா. "சோறாக்கி வெச்சிட்டு வந்திரிக்கன்."

அந்தப் பெண் பயந்துபோனார். "மால இல்லாட்டி படம் முடிஞ்சதெண்டு எப்பிடிக்கா தெரியும்?" என்று கேட்டார்.

மீன்காரி அக்கா சிரித்துக்கொண்டுதான் போனார். இரண்டு நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலம், முகாமில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஆனால் அவர் கோயிலில் நூல் கட்டிக்கொண்டார். வகுப்புக்கு வந்தாலும் கதிரைப் பக்கம் திரும்பவே இல்லை. மற்றவர்கள் கதிரையைச் சுற்றிப் போனார்கள். ஒருவர் அதைச் சுவரோடு திருப்பி வைத்தார்.

வாகரைப் பெண் மட்டும் தூரிகையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வேறு யார் இருக்கிறார்கள்?

நான் போய் இருந்தேன். வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. காது சுட்டது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவும் முடியவில்லை, எழும்பித் திருத்தவும் முடியவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே, கன்னத்துக்கு வெள்ளையைக் கூட்ட வேண்டாம், கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பார்த்தால் நிழல் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டாரோ தெரியாது. பிறகு தூரிகைச் சத்தம் நின்றது.

எழும்பிப் போய்ப் பார்த்தேன். நெற்றி கோணல், மூக்கு கோணல். வாய் மட்டும் நன்றாக இருந்தது. ஆனால் அது என் வயதுப் பெண்ணின் வாய் இல்லை.

"அவளும் இப்பிடித்தான் ரீச்சர்" என்றார். "ஆரும் பாத்தா வெக்கத்தில வாய உள்ளுக்கு இழுப்பாள். நீங்க கதிரையில இரிந்தோன்ன இழுத்தீங்க. எனக்கு வந்திட்டு."

வர்ணக் கத்தியை எடுத்துப் படத்தில் என் நெற்றியையும் மூக்கையும் தானே சுரண்டினார். வாயை விட்டுவைத்தார். அடுத்த வகுப்பில் கண்ணுக்கு முயன்றார். வரவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கிறீர்களே இல்லை, கண்ணை எப்படிக் கீறுவது என்று குறைப்பட்டார். நியாயமான குறைதான். பார்க்கிறேன் என்று நிமிர்ந்தேன், திரும்பவும் குனிந்துவிட்டேன். நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

அடுத்த வகுப்புக்கு முன்பே வாகரைச் சனங்களை பஸ்களில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். சண்டை முடிந்த ஊருக்குப் போகச் சொல்லிக் காலையில் அறிவித்தார்களாம். மண்டபத்துக்கு நான் வந்தபோது அவருடைய தாங்கியில் துணிச்சட்டம் இல்லை. ஈரமாக இருந்த படத்தை எப்படித்தான் கொண்டுபோனாரோ. வகுப்பும் கொஞ்ச நாளில் நின்றது. கண்காட்சிக்கு நிறைகுடங்கள் போயின.

நாட்டில் சண்டை முழுக்க முடிந்து பாதை திறந்த பிறகு, மிச்சமிருந்த வர்ணக் குழாய்களோடு நான் வாகரைக்கு பஸ் ஏறினேன். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். படம் சுவரில் இருந்தது. பொலித்தீன் போட்டு மூடியிருந்தார். உப்புக்காற்றில் ஓரமெல்லாம் பூஞ்சணம். நடுவில் அந்த வாய் மட்டும். மாலை இல்லை, விளக்கு இல்லை.

ஏன் என்று கேட்டேன்.

"கண் இல்லாம எப்பிடி ரீச்சர் மால போடுற?" என்றார். நான் மடைத்தனமாக எதையோ கேட்டுவிட்டதுபோல் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்து வெளிச்சத்தில் போட்டார்.

இந்த முறை நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் நீர் முட்டும் வரைக்கும் அவரையே பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துப் பார்த்துக் கீறினார். அவசரப்படவில்லை. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நிழலைப் பார்த்தார். நான் திரும்பிப் போக வேண்டிய பஸ் தெருவில் ஊதிக்கொண்டு போனது. இரண்டு பேரும் அசையவில்லை.

முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கண்கள் அவ்வளவு சரியாக வந்திருந்தன. இமை, ஓரத்துச் சுருக்கம், நீர் முட்டிய பளபளப்பு எல்லாம். வகுப்பு நடந்த காலத்தில் ஒருவரும் இப்படிக் கீறவில்லை.

"இது உங்கட கண் ரீச்சர்" என்றார்.

என்னுடையதுதான். பார்ப்பதைக் கீறு, பார்ப்பதைக் கீறு என்று எத்தனை வகுப்பில் கத்தியிருப்பேன். பழகிவிட்டார்.

அவர் கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். வாயில் படாமல் மெதுவாகச் சுரண்டினார். நல்ல வேலையைப் பாழாக்க வேண்டாம், வேறு துணியில் எடுத்துவைப்போம் என்று சொல்ல வந்தேன். நாளைக்கும் இருப்பீங்களா என்று கேட்டார். பஸ்தான் போய்விட்டதே என்றேன்.

தூரிகைகளைக் கழுவாமல் மண்ணெண்ணெய்த் தகரப் பேணிக்குள் போட்டுவிட்டு அவர் சமைக்கப் போனார். கழுவாமல் விட்டால் மயிர் இறுகிவிடும் என்று அவருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நாளைக்கு வேண்டுமே. நானே கிணற்றடிக்கு எடுத்துப்போய் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.