எக்காரணம் கொண்டும்

சட்டக்கா படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்திருந்தாள். எதிர் மூலைகள் என் கையில். இழு, உதறு, மடி. முதியோர் இல்லத்தின் சலவை அறையில் ஒரு நாளைக்கு நூற்றிருபது விரிப்பு. அவளுக்கு வேலை மதியம் இரண்டு மணிக்குத்தான். அன்று பன்னிரண்டரைக்கு ஷிப்ட் தேர்வு என்பதால் முன்னதாகவே வந்திருந்தாள். வந்தவளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாது. முதியவர்கள் பராமரிப்புப் பிரிவில் இருந்த நான் மேல்மாடிக்கு விரிப்பு எடுக்க வந்து அவளிடம் மாட்டிக்கொண்டேன்.

சட்டக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஆன ஒப்பந்தப் புத்தகம் நாற்பது பக்கம். அவளுக்கு அத்தனையும் மனப்பாடம். மேனேஜர் திடீரென்று யாருடைய விடுப்பு நாளையாவது மாற்றினால், "பக்கம் பதினாலு. ஏழு நாள் முன்னால எழுத்துல தரணும்" என்பாள். மனிதர் வந்த வழியே திரும்பிப் போவார்.

அதே புத்தகப்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவோம். பணிமூப்பு வரிசையில் பெயர் கூப்பிடுவார்கள். முதலில் கூப்பிடப்படுபவர் தனக்குப் பிடித்த ஷிப்ட் அட்டையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கடைசி ஆளுக்கு மீந்தது. சலவைக்குக் காலை அட்டை இரண்டே இரண்டு. பத்தொன்பது வருடமாகச் சட்டக்காவுக்கு மாலை ஷிப்ட்தான். அவளுக்கு மேலே இருந்த இருவரும் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

"இன்னைக்கு முதல் பேரு உன்னுதுதான். அட்டையைக் கையில எடுத்ததும் மயக்கம் போட்டுடாத. தூக்க எனக்கு இடுப்பு இல்ல" என்றேன்.

"காலை ஷிப்ட் கிடைக்கலன்னாதான் மயக்கம் வரும் அக்கா. மக ஞாயித்துக்கிழமை வேலைக்கு வெளியூர் கிளம்பறா. அதுக்கப்புறம் சாயங்காலம் அவரை யார் பாத்துக்கறது?"

அவள் கணவருக்கு மறதி நோய். பகலெல்லாம் சாதுவாகத் தூங்குவார். பக்கத்து வீட்டுக்காரி அவ்வப்போது எட்டிப் பார்த்தால் போதும். வெளிச்சம் மங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்பிவிடுவார். நாலு மாதத்துக்கு முன் அப்படிக் கிளம்பித்தான் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சட்டக்கா ஒன்பது வாரம் லீவு போட்டாள்.

பன்னிரண்டரைக்கு மேனேஜர் பட்டியலைப் பிரித்தார். சலவைப் பிரிவு என்றதும் சட்டக்கா எழுந்து நின்றாள். அவர் வேறு பெயரைப் படித்தார். யாரோ சிரித்தார்கள், வரி தவறிப் படிக்கிறார் என்றே நானும் நினைத்தேன். இரண்டாவதும் வேறு பெயர். காலை அட்டை இரண்டும் போயின. சட்டக்கா நின்றபடியே இருந்தாள். ஆறாவதாக, கடைசியாக, அவள் பெயர் வந்தது.

"சார், என் பேர் எப்படிக் கடைசில?"

"பக்கம் இருபத்தொண்ணு, அக்கா" என்றார் மேனேஜர். சங்கடத்தில் தலை நிமிரவில்லை. "அறுபது நாளுக்கு மேல வேலைக்கு வரலன்னா, எக்காரணம் கொண்டும் பழைய மூப்பு கிடையாது; திரும்பி வந்த நாள்லேர்ந்துதான் கணக்கு."

"நான் அம்பத்துநாலு நாள்தானே வரல!"

"வார ஓய்வு ஒன்பதைச் சேர்த்தா அறுபத்துமூணு."

ஷிப்ட்காரர்களான எங்களுக்கு ஓய்வு நாள் கணக்கிலேயே வராது. வேலை இருந்தும் வராத நாளைத்தான் எண்ணுவோம். நாற்பது பக்கத்தையும் கரைத்துக் குடித்தவளும் அப்படியே எண்ணியிருக்கிறாள்.

"எக்காரணம் கொண்டும்" என்ற இரண்டு சொல்லும் அவளுடையவை. ஒன்பது வருடத்துக்கு முன் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தபோது அவள் போடவைத்தவை. வேறு ஊரில் வேலை பார்த்துவிட்டு வந்து பழைய இடத்தைக் கேட்டவர்களைத் தடுக்கத்தான். 'நோய்வாய்ப்பட்டால் தவிர' என்று சேர்ப்போமா என யாரோ கேட்டபோது, "ஆளாளுக்குச் சர்ட்டிபிகேட்டோட வந்து நிப்பாங்க" என்று வெட்டினாள். நாங்கள் கை தூக்கினோம். என் கையும்தான்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "மூணு நாள்தானே. எல்லாருக்கும் சம்மதம்னா நான் கண்டுக்கல."

பரிமாறும் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து சமையற்காரம்மாவின் குரல் வந்தது. "எனக்குப் பத்து நாள்தான் சார் கூடிச்சு. பையன் மாடியிலேர்ந்து விழுந்து ஆஸ்பத்திரில கிடந்தான். அப்ப ஏன் யாரும் கண்டுக்காம விடல? ரூல்னா ரூல்தான்னு சொன்னது யாரு? அக்கா, நீங்கதானே?"

கரண்டி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. சட்டக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. நாடி பிடித்துப் பார்க்கலாமா என்று எனக்கே தோன்றியது. அவள் பலகைக்குப் போனாள், மீந்திருந்த மாலை அட்டையை எடுத்தாள், சலவை அறைக்குப் போய்விட்டாள்.

மகள் ஊருக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்ததால் அன்று மாலை நான் சட்டக்கா வீட்டுக்குப் போனேன். ஆறு மணிக்குக் கணவர் செருப்பைத் தேடினார். மறித்தால் முரண்டு பிடிப்பார் என்று தெரியும். "வாங்க, கொண்டுபோய் விடறேன்" என்று தெருவைச் சுற்றி நடத்தி, அதே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"ஆ, வந்துட்டோம்" என்றார். இருபது நிமிடம் கழித்து மறுபடியும் செருப்பு. அப்படி நாலு தடவை. ஒருநாளைக்கு என்னால் முடியும். தினமும் யாரால் முடியும்?

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் வேலைக்கு வந்தபோது சட்டக்கா சமையல்கட்டில் நின்றிருந்தாள். கையில் ஒரு தாள். குடும்பத்தில் நோய், விபத்து என்றால் மூப்பு போகாது என்று பக்கம் இருபத்தொன்றைத் திருத்தக் கேட்கும் மனு. ஏற்கெனவே மூப்பில் இறங்கியவர்களைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி; அதற்கும் கீழே முதல் பெயர் சமையற்காரம்மாவுடையது. தன் பெயரைச் சட்டக்கா எழுதவே இல்லை.

"அன்னைக்கு நான்..." என்று சட்டக்கா ஆரம்பித்தாள்.

"பால் பொங்குது. தள்ளி நில்லுங்க" என்றாள் சமையற்காரம்மா. அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தாள். பிறகு பேனாவை எடுத்துத் தன் பெயருக்குக் கீழே சட்டக்காவின் பெயரை எழுதினாள்.

"இது உங்களுக்காக இல்ல. அவர் தெருத்தெருவா அலையக்கூடாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் நீட்டினாள்.

நானும் போட்டேன்.