டிபக்கருக்கு நான் கொடுத்த எண்

அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவருக்கு எங்கள் புரோகிராம் குழந்தைகளுக்கான மருத்துவக் காப்புறுதித் திட்டத்தைக் கொடுத்துவிட்டது. நல்ல வேளை, அவர் உண்மையான மனிதர் இல்லை. சோதனைக்காக நாங்களே உருவாக்கிய வாடிக்கையாளர். ஆனால் அவரை முன்னிட்டு லெட்சுமி மேடம் போனில் போட்ட சத்தம் உண்மையானது.

"சரோஜா, இந்தத் தாத்தாவுக்கு இன்னும் பால் பல்லு விழலையா? ரிப்போர்ட்ல வயசு அஞ்சுன்னு நிக்குது!"

"இருக்காது மேடம். நீங்க டேட்டாவைத் தப்பா போட்டிருப்பீங்க."

"நான் தப்பா போட்டேனா? சரி லா, பாத்துருவோம்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. அன்றைக்கு அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதப்போகிறேன். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படித்தால் நல்லது.

1. யார் யார்

கோலாலம்பூரில் தலைமையகம் உள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருபத்தாறு வருடமாக மெயின்பிரேம் என்ற பெரிய கணினிக்குப் புரோகிராம் எழுதுகிறேன். கோபால் என்று ஆள் பெயர் மாதிரி சிலர் உச்சரிக்கும் கோபோல் மொழிதான் என் பிழைப்பு. கல்யாண வீட்டில் யாராவது, "மெயின்பிரேமா? அதெல்லாம் இன்னும் இருக்கா?" என்று கேட்பார்கள். "போன மாசம் கிளினிக்ல மெடிக்கல் கார்டை நீட்டுனீங்களே, அது எங்க போய் நின்னுச்சுன்னு நெனச்சீங்க?" என்று நானும் விடமாட்டேன்.

வீடு பத்தாங் காலியில். விடியற்காலை ரயில் ஏறினால்தான் ஆபீசுக்கு நேரத்துக்குப் போக முடியும். அதனால் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்தபோது கோயிலுக்குப் போய் அர்ச்சனையே செய்தேன். ஆனால் எங்கள் பாஸ் தனபாலன் சாருக்கு அதில் உடன்பாடே இல்லை. ஆள் கண் முன்னால் உட்கார்ந்திருந்தால்தான் வேலை நடக்கிறது என்று நம்புகிறவர்.

"ஒரு மாசம் பாப்போம். ஒரே ஒரு இன்சிடென்ட் வரட்டும், டீம்ல எல்லாரும் அஞ்சு நாளும் ஆபீஸ். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்று மீட்டிங்கில் சொல்லிவிட்டார்.

எனக்கு அது ரயில் பயணம் சம்பந்தப்பட்ட விஷயம், அவ்வளவுதான். குமுதினிக்கு அப்படியில்லை. எங்கள் டீமில் என்னோடு ஒரே புரோகிராமில் வேலை செய்கிறவள். வீடு கோலா சிலாங்கூரில். அங்கே ரயிலும் கிடையாது. ஏழு மாத இரட்டைக் குழந்தைகள் வேறு. பகலில் அவள் மாமியார் பார்த்துக்கொள்வார், பால் கொடுக்கும் நேரத்துக்கு இவள் எழுந்து போவாள்.

"அஞ்சு நாளும் வரச் சொன்னா நான் லெட்டர் குடுத்துட்டுப் போயிருவேன்க்கா. வேற வழியில்ல" என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. டீமில் என்னைவிடக் கெட்டிக்காரி அவள்தான். இதை நான் அவளிடம் இதுவரை சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

2. ஒரே வரிதான்

டிபக்கர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நாம் சொல்லும் வரியில் நிறுத்தி, உள்ளே எந்தப் பெட்டியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டும் கருவி. வேண்டுமானால் அந்த மதிப்பை அங்கேயே மாற்றி, மேலே ஓடவிடலாம். வயதை மாற்றலாம், பெயரை மாற்றலாம், செத்தவரை உயிரோடு எழுப்பலாம். சோதனை இடத்தில் மட்டும்தான்.

புரோகிராமைத் தொடங்கும்போதே டிபக்கரைக் கூப்பிட வேண்டுமென்றால், அது எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் ரன்டைம் ஆப்ஷனில் TEST என்று ஒரு வரி கொடுக்க வேண்டும். அந்த வரியிலேயே யாருடைய கணினியில் திரை திறக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். நான் என் கணினியின் ஐபி எண்ணைக் கொடுப்பேன். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும், அல்லது NOTEST என்று மாற்றிவிட வேண்டும்.

வரியை எங்கே எழுதுவது? ஒழுங்கானவர்கள் தங்கள் சொந்த ஜாபில், அதாவது புரோகிராமை ஓட்டும் கட்டளைத் தொகுப்பில், எழுதுவார்கள். என்னிடம் அன்று நான்கு ஜாப் இருந்தன. நான்கிலும் தனித்தனியாக எழுதச் சோம்பல். நான்கும் படிக்கும் பொது ஆப்ஷன் ஃபைல் ஒன்று இருந்தது, காலை எட்டேகாலுக்கு அதில் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். லெட்சுமி மேடத்தின் ஜாபும் அதே ஃபைலைத்தான் படிக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் யூசர் தரப்பின் தலைவர், புரோகிராமைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர். எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சோதனையை ஆரம்பிப்பார். அதற்குள் எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

ஒன்பதே முக்காலுக்கு இணையம் செத்தது. முன்னறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், என் வீட்டுக்காரர் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புல் வெட்டும் மெஷினின் பேட்டரியைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"ரெண்டே நிமிஷம் லா. என்ன, கப்பலா கவுந்துருச்சு?" என்றார்.

அவரைப் பேச வேண்டியதைப் பேசிவிட்டு மறுபடியும் ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழைந்தேன். ஒவ்வொரு முறை நுழையும்போதும் அது புது எண் கொடுக்கும். காலையில் எனக்குக் கிடைத்த எண் நாற்பத்தொன்றில் முடிந்தது, இப்போது கிடைத்தது ஐம்பத்தேழு. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அதன்பிறகு டிபக்கர் திரை ஒருமுறைகூட என்னிடம் திறக்கவில்லை. என் சோதனைகளும் முடிந்துவிட்டிருந்தன, அதனால் அது நினைப்பிலும் வரவில்லை. நிம்மதியாக நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

3. எனக்குச் சரியாக வருகிறது

அன்றைக்குப் பார்த்து லெட்சுமி மேடம் பத்து மணிக்கே சோதனையை ஆரம்பித்துவிட்டார். தாத்தாவுக்கு வயது ஐந்து. அதற்குப் பிறகு வந்த போனைத்தான் மேலே சொன்னேன்.

அதே தாத்தாவை நான் என் ஜாபில் ஓட்டிப் பார்த்தேன். அறுபத்தெட்டு. சுத்தமாக வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"எனக்குச் சரியா வருது மேடம். அங்கதான் ஏதோ கோளாறு."

பதினொன்றரைக்கு அவர் திரும்ப ஓட்டினார். ஐந்து. ரிப்போர்ட்டைப் படம் பிடித்துக் குழுவில் எல்லாருக்கும் அனுப்பினார். கீழே, "சரோஜாவுக்கு மட்டும் சரியா வர்ற புரோகிராம்" என்று ஒரு வரி. எனக்கு ரத்தம் கொதித்தது. மூவாயிரம் வரி புரோகிராமை மேலிருந்து கீழே படிக்க ஆரம்பித்தேன். வயதைக் கணக்கிடும் பத்தியை மட்டும் ஆறு தடவை படித்தேன். ஒரு குற்றமும் இல்லை. இருக்கவும் முடியாது, எழுதியது நான்.

பன்னிரண்டு மணிக்குத் தனபாலன் சார் கான்பரன்ஸ் கால் போட்டார். நான், லெட்சுமி மேடம், குமுதினி மூவரும் உள்ளே. அவர் குரல் சாந்தமாக இருந்தது. அவர் சாந்தமாகப் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"சிஸ்டம் டீம் லாக் ரெக்கார்டைப் பாத்துட்டாங்க. லெட்சுமி மேடம் ஜாப் ரெண்டு தடவையும் டிபக்கர்ல நின்னுருக்கு. யாரோ உள்ள பூந்து வயசை அஞ்சுன்னு மாத்திருக்காங்க. நாப்பத்தொன்னுல முடியுற ஐபி. குமுதினி, அது உங்க லெப்டாப்."

"என்னோடதா? சார், நான் என் ஜாப்லதான் மாத்துனேன். சின்னப் பிள்ளைங்க ரேட் சரியா வருதான்னு பாக்க வயசை அஞ்சுன்னு போட்டேன். காலையில இருந்து நாலஞ்சு தடவை ஓட்டுனேன், தெறக்குற ஸ்கிரீன்ல எல்லாம் போட்டேன்."

"யூசர் ஜாப்ல எதுக்குக் கை வெச்சீங்க?"

"வைக்கலை சார். சத்தியமா வைக்கலை."

பின்னால் ஒரு குழந்தை அழுதது. உடனே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவள் மைக்கை அணைத்தாள், மறுபடியும் திறந்தாள், "சாரி சார்" என்றாள்.

"இதுக்குத்தான் நான் வீட்டுல இருந்து வேலையே வேணாம்னேன்" என்றார் சார். "கவனம் எங்க இருக்கும் சொல்லுங்க?"

4. நாற்பத்தொன்று

நாற்பத்தொன்று என்றதுமே காலையில் நான் தட்டிய எண் ஞாபகம் வந்தது. பொது ஆப்ஷன் ஃபைலைத் திறந்தேன். TEST வரி அப்படியே இருந்தது. அதன் வாலில் நாற்பத்தொன்று. கடைசியாக மாற்றியவர் என்ற இடத்தில் என் யூசர் ஐடி. நேரம் எட்டேகால்.

நடந்தது முழுவதும் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பிளக்கைப் பிடுங்கியதும் நாற்பத்தொன்று காலியானது. அன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட கிளினிக்குக்குப் போய்விட்டுத் தாமதமாக உள்ளே நுழைந்த குமுதினிக்கு நெட்வொர்க் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டது. லெட்சுமி மேடம் ஜாபைத் தட்டியதும் மெயின்பிரேம் என் வரியைப் படித்து, நாற்பத்தொன்றைத் தேடிப்போய், குமுதினியின் திரையைத் திறந்திருக்கிறது. அதே புரோகிராம், அதே முதல் வரி. தன்னுடையது என்று நினைத்து அவள் ஐந்து போட்டு ஓடவிட்டிருக்கிறாள். திரையின் மூலையில் ஜாப் பெயர் இருக்கும். அதை ஒருவரும் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை.

எனக்கு மட்டும் சரியாக வந்ததும் இதனால்தான். நான் ஓட்டிய நேரத்தில் அவள் டிபக்கரை மூடிவிட்டுப் பால் கொடுக்கப் போயிருக்கிறாள். அந்தப் பக்கம் ஆள் இல்லையென்றால் புரோகிராம் நிற்காமல் தன்பாட்டுக்கு ஓடிவிடும்.

"சார், குமுதினி மேல தப்பு இல்ல" என்றேன். "என் தப்பு. பொது ஃபைல்ல என் ஐபியைப் போட்டு TEST வெச்சது நான். எடுக்க மறந்துட்டேன். அந்த நம்பர் அப்புறம் அவளுக்குப் போயிருச்சு."

லெட்சுமி மேடத்துக்கும் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

"லெட்சுமி மேடம், உங்க டேட்டா சரிதான். நான் பேசுனது தப்பு. மன்னிச்சுக்குங்க."

"ரெக்கார்டிங் ஓடுதா தனபாலன்?" என்றார் லெட்சுமி மேடம். "இருபத்தாறு வருசத்துல இவ வாயில இருந்து 'என் தப்பு'ன்னு இன்னிக்குத்தான் வந்திருக்கு. எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க லா."

சார் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. குமுதினி மட்டும் சிரிக்கவில்லை. "தேங்க்ஸ்க்கா" என்றாள், அது சரியாகக் கேட்கக்கூட இல்லை.

5. தீர்ப்பு

நான் வரியை எடுத்தேன். இரண்டு மணிக்கு லெட்சுமி மேடம் திரும்ப ஓட்டினார். "தாத்தா திரும்பத் தாத்தா ஆயிட்டாரு" என்று குழுவில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தனபாலன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்சிடென்ட் ரிப்போர்ட் உங்க பேர்ல போகுது. நான் சொன்ன சொல்லுன்னு ஒன்னு இருக்குல்ல? மூணு மாசத்துக்கு நீங்க அஞ்சு நாளும் ஆபீஸ்."

"குமுதினி?"

"அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? அவ வீட்டுலயே இருக்கட்டும்."

மூன்று மாதம் விடியற்காலை ரயில். போகும்போது ஒரு தூக்கம், வரும்போது ஒரு தூக்கம். வீட்டுக்காரர் தினமும் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார், பிளக்கைப் பிடுங்கிய பாவத்துக்கு. ஆபீசில் உட்கார்ந்து நான் செய்த முதல் வேலை, டிபக் மேனேஜர் என்ற மென்பொருளை முறையாக அமைக்கச் சொல்லி சிஸ்டம் டீமை நச்சரித்தது. அது வந்தால் TEST வரியில் ஐபி எண் வேண்டாம், யூசர் ஐடி போதும். ஆள் எந்த எண்ணில் உட்கார்ந்திருந்தாலும் அது தேடிக் கண்டுபிடித்துவிடும். இப்போது எங்கள் டீமில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஆப்ஷனை உன் ஜாபில் மட்டும் எழுது. எண்ணை எழுதாதே, உன் பெயரை எழுது.

ஆனால் நான் கற்றுக்கொண்டது அதுவல்ல. குமுதினி இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், "சரோ அக்கா ஒரு செகண்ட்கூட யோசிக்கலை, உடனே தன் தப்புன்னு சொன்னாங்க" என்று. பிள்ளைகளின் முதல் பிறந்தநாளிலும் மைக்கைப் பிடித்து அதையே சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கேசரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உடனே சொல்லவில்லை குமுதினி. அந்த TEST வரியின் இடது ஓரத்தில் அதை அழிக்க D என்று தட்டிவிட்டேன். என்டர் ஒன்றுதான் பாக்கி. அழித்துவிட்டால் அங்கே ஒரு வரி இருந்தது என்று யாரும் தேடப்போவதில்லை. உன் பிள்ளைகள் இரண்டும் அழுது முடிக்கும்வரை என் விரல் அந்த என்டர் மேலேயே இருந்தது.