இரண்டு கிலோ ஐம்பது கிராம்

பரிமளா இறந்துவிட்டார் என்று அவர் தம்பி காலையில் போனில் சொன்னபோது, "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன சொன்னார் என்பது பிறகுதான் உறைத்தது. ஒன்பது ஆண்டுகளாக எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கணினி நிரல் எழுதியவர். முந்தின நாள் மாலைகூட என் வேலையில் இரண்டு குறை சொல்லிவிட்டுத்தான் தியாகதுருகம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். வயது முப்பத்தாறு. மாரடைப்பாம். 

கள்ளக்குறிச்சியில் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு வந்துபோன நண்பர்கள் உங்களுக்கு அவருடைய கோபமும் தெரியும். கல்வராயன் மலையில் பிறக்கும் குழந்தைகளின் எடையைப் பதிய ஒரு செயலி செய்தோம். எடைக்கு ஒரே கட்டம் வைத்தவன் நான். எண்ணாக இருந்தால் ஏற்றுக்கொள், அவ்வளவுதான் என் சாமர்த்தியம். கரியாலூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருவர், நோட்டில் எழுதிப் பழகியபடி, இரண்டு கிலோ ஐம்பது கிராமை 2.50 என்று அடித்தார். செயலி அதை இரண்டரைக் கிலோ என்று எடுத்துக்கொண்டது. இரண்டரைக்குக் கீழே இருந்தால்தான் எடை குறைந்த குழந்தைகளின் பட்டியலில் பெயர் வரும். அந்தப் பெண் குழந்தையின் பெயர் வரவில்லை. யாரும் வாரா வாரம் போய்ப் பார்க்கவும் இல்லை.

மூன்றாவது வாரம் பரிமளாதான் கண்டுபிடித்தார். புள்ளிக்குப் பிறகு சில இடத்தில் இரண்டு இலக்கம், சில இடத்தில் மூன்று இலக்கம் என்று பதிவுகள் கலந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, நர்ஸுக்கு போன் போட்டுக் கேட்டார். அன்றே குழந்தையை மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டது. நான் நர்ஸைத் திட்டினேன். பரிமளா என் பக்கம் திரும்பினார்.

"அவங்க நோட்டுல எழுதற மாரிதாங்க எழுதனாங்க. நீங்கதான் கேக்காம நீங்களா ஒண்ண நெனச்சிக்கினீங்க. சந்தேகம்னா இன்னொரு தபா கேளுங்க."

கிலோவுக்கு ஒரு கட்டம், கிராமுக்கு ஒரு கட்டம். கிராமில் மூன்று இலக்கம் இல்லாவிட்டால் சேமிக்காது, திருப்பிக் கேட்கும். அன்று மாலையே செயலியை இப்படி மாற்றிவிட்டுத்தான் பரிமளா கிளம்பினார்.

பரிமளா இறந்த செய்தி மலைக்குப் போனதும் அந்த நர்ஸ் என்னை அழைத்தார். அவர் அழவில்லை, நம்பவே இல்லை. "யாராவது தப்பா சொல்லிக்கினு இருப்பாங்க சார். இன்னொரு தபா கேட்டுப் பாருங்க."

பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே பரிமளாவின் தம்பிக்கு மறுபடி போன் போட்டேன். அவர் கோபப்படவில்லை. ஊர், வயது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பது வரை நிதானமாகச் சொன்னார்.

பரிமளாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்தப் பழக்கம்தான், இன்னொரு முறை கேட்பது. இந்த முறை கேட்டும் பதில் மாறவில்லை.