தூம்பாவுக்குக் கொடுத்த தோள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியிருக்கும் விஷயத்துக்குப் பொறுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன்.

பினாங்கில் விபூதிப் புதனன்று நெற்றிச் சாம்பலோடுதான் வேலைக்குப் போகிறோம். கடலோரக் கிட்டங்கியில் அரிசி மூட்டை அடுக்குவது என் வேலை. போன வருஷம் எங்கள் தவுக்கே, அதாவது சீன முதலாளி, என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "முக்கா கோத்தோர்" என்றார். முகம் அழுக்காம். தன் கழுத்துத் துண்டையே எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். மனசு கேட்காமல் பன்றி இறைச்சி வைத்த பாவ் ரொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குப் பார்த்து ஒருசந்தி, இறைச்சி தொடக்கூடாது. அதையும் வேண்டாம் என்றேன். சாயங்காலம் வரை அவர் எனக்கு முகம் கொடுக்கவில்லை. விஷயம் தெரியாமல் அழுக்கு என்றவர் துண்டையும் சேர்த்து நீட்டினார். ஊரில் எல்லாம் தெரிந்த கிறிஸ்தவர்கள் எங்கள் தெருவையே அழுக்கு என்றார்கள். அவர்கள் துண்டு நீட்டியதில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையிலிருந்து ஆண்டவர் சுரூபத்தை இறக்கி, தண்டு கட்டிய மரப் படுக்கையான தூம்பாவில் கிடத்தி, பாடை போலத் தோளில் சுமந்து பவனி வருவார்கள். எங்கள் ஊரில் அந்தத் தண்டைத் தொட எங்கள் தெரு ஆட்களுக்கு உரிமை இல்லை. தெருமுனையில் ஒதுங்கி நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழலாம். அழுகைக்கு மட்டும் தடை இல்லை. பினாங்குக் கோயிலில் அப்படிக் கிடையாது. வந்து நிற்கிற தோள் எதுவானாலும் தூக்கும். கப்பலேறி வந்த வருஷமே நான் தூக்கினேன். வேர்வையா கண்ணீரா என்று தெரியாமல் முகம் நனைந்தது.

போன வருஷம் குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் கிராணி அருளப்பர் என்னையும் என் கூட்டாளி லாசரையும் கூப்பிட்டார். துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவர், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், அப்போது வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"தூம்பாவுக்கு ஆள் பிரிச்சாச்சு. நீங்க ரெண்டு பேரும் தீவட்டி புடிங்க."

லாசர் சும்மா இருப்பவன் இல்லை. "ஏன் கிராணியாரே, எங்க தோள்ல முள்ளா மொளச்சிருக்கு?"

"ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி."

"வழக்கத்தையும் பெட்டியில வச்சுக் கொண்டாந்துட்டீங்களா? சுங்கத்துல எப்படிலா விட்டான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.  நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வாரம் முழுக்க, இந்த வருஷம் விட்டுக்கொடுத்தால் எங்கள் பிள்ளைகளுக்கும் தீவட்டிதான் என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் முன்தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அருளப்பர் தன் ஆட்களோடு வந்தார்.

"சவரி, கொஞ்சம் தள்ளி நில்லு."

"தள்ளி நிக்க ஊர்லயே எடம் இருந்துச்சுண்ணே. அதுக்கு எதுக்குக் கப்பல் ஏறணும்?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிரெஞ்சுக்காரச் சாமியார் என்னவென்று கேட்டார். அருளப்பர் கூசாமல், "இவனுக்குத் தோள் வலி சாமி" என்றார்.

சாமியார் நம்பிவிட்டார். என் தோளைத் தடவி, "நோவு என்றால் நீ ஓய்வு எடு, மகனே" என்றார், படித்துக் கற்ற தமிழில். அந்த அன்புக்கு எப்படி எதிர்ப்பேச்சு பேசுவது?  குனிந்து தண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தேன்.

தூம்பா ஒரு பக்கம் தூக்கினால் சாயும். ஆண்டவர் சுரூபம் நழுவ ஆரம்பித்தது. பார்த்திருந்தவர்கள் "ஐயோ" என்றார்கள். வேறு வழியில்லாமல் அருளப்பரின் ஆட்கள் மற்றத் தண்டுகளில் தோளைக் கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் நின்றவன் மட்டும் கையை உதறிக்கொண்டு விலகினான். அந்த இடத்தில் லாசர் புகுந்தான். பக்கத்துத் தண்டில் இருந்த கலப்பு வெள்ளைக்காரச் சட்டைக்காரர் ஒருவருக்கு எங்கள் வழக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் நிற்கிறோம் என்று எரிச்சலோடு, "ஜாலான், ஜாலான்!" என்றார். நடந்தோம்.

அருளப்பர் தீவட்டியோடு பக்கத்தில் வந்தார். இந்த வருஷக் குருத்து ஞாயிறான இன்றைக்குப் பூசையில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொள்ளட்டும். வருகிற வெள்ளிக்கிழமையும் முன்தண்டு என்னுடையதுதான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஊரைவிட இங்கே பொழுது முந்தி அடைகிறது. போன வருஷம் நாங்கள் தூம்பாவை இறக்கி வைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஊரில் இன்னும் தூக்கியிருக்கவே மாட்டார்கள். என் தம்பி அப்போதுதான் குளித்துவிட்டு, ஒதுங்கி நிற்பதற்காகத் தெருமுனைக்குப் போயிருப்பான்.

எழுதி முடித்தது, குருத்து ஞாயிறு, 1931 மார்ச் 29.