திறந்திருந்தால் திறந்தபடி

மொண்டானாவில் எங்கள் பக்கம் குடிவருகிறவர்கள் எல்லோரும் ஏரியையும் அதன் பின்னால் நிற்கும் மலையையும் பார்த்து மயங்கித்தான் வருகிறார்கள். நவம்பர் வந்தால் ஏரி யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடாது. நடீன் ஹாஸ்கெட்டுக்கு இது வீடு வாங்கிய பிறகுதான் உறைத்தது.

கலிஃபோர்னியாவில் முப்பது வருடம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வேலை பார்த்தவள் அவள். கணவன் வெர்லினுக்கு நெஞ்சைப் பிளந்து வால்வு மாற்றியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் டவுனுக்குப் போய் ரத்தம் பார்க்க வேண்டும். அவன் வண்டி ஓட்டக் கூடாது. மிச்சக் காலத்தை மலைக் காற்றில் கழிக்கிறேன் என்று அடம்பிடித்தவனும் அவன்தான்.

வீடு மேட்டில் இருந்தது. அங்கிருந்து பெரிய ரோடு வரை இரண்டு மைல் மண்பாதை, முழுக்க ஹால்வர் ட்வெய்ட்டின் மேய்ச்சல் நிலத்துக்குள்ளேயே. பனி விழுந்தால் அதைத் தள்ளிவிட அவருடைய டிராக்டரை விட்டால் வேறு நாதியில்லை. காசு கொடுத்தாலும் வாங்க மாட்டார்; அவர் மனம் வைத்தால் உண்டு. ஆகவே வெர்லினின் உயிர் ட்வெய்ட்டின் மனதில் இருக்கிறது என்று நடீன் கணக்குப் போட்டாள். தப்பில்லாத கணக்கு.

அந்த மனதைத்தான் ஆகஸ்ட் மாதமே கெடுத்துக்கொண்டாள். நிலத்தின் நடுவில் ஒரு கேட் உண்டு. ஒருநாள் அது விரியத் திறந்து கிடந்தது. பொறுப்பான மனுஷி பார்த்துக்கொண்டு போவாளா? இறங்கி, சாத்தி, சங்கிலியும் போட்டுவிட்டு வந்தாள். ஓடை அந்தப் பக்கம், மாடுகள் இந்தப் பக்கம். இரண்டு நாள் வெயிலில் நாற்பது மாடுகள் கதறின. மாடென்றால் கத்தத்தான் செய்யும் என்று இவள் நினைத்துக்கொண்டாள். ஒரு கிழப் பசு படுத்தது, எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் தபாலாபீசில் ட்வெய்ட், மீன்பிடிக்க வந்த வெளியூர்க்காரர்கள்தான் கேட்டைச் சாத்திவிட்டார்கள் என்று அவர்களைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். நடீன் பேசாமல் வந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் அவர் பின்னாலேயே போய் வண்டியருகே நிறுத்தினாள்.

“நான்தான் சாத்துனேன், மிஸ்டர் ட்வெய்ட். மாடு ரோட்டுக்குப் போயிடுமோன்னு பயந்து…”

“ரோட்டுக்குப் போகல. சொர்க்கத்துக்குப் போயிடுச்சு.”

“எனக்குத் தெரியாதுங்க.”

“கேட்டு தெறந்திருந்தா தெறந்தபடி விடணும். சாத்தியிருந்தா சாத்துனபடி விடணும். எங்க கொள்ளுத்தாத்தா வண்டி கட்டிட்டு வந்து இங்க வேலி போட்ட நாள்லேர்ந்து இதான் சட்டம். பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்மா!”

அந்தக் கொள்ளுத்தாத்தா வேலி போடுமுன் அங்கே ஏற்கெனவே இருந்த ஜனங்களின் சட்டம் என்ன என்று விசாரித்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. அதை நடீன் எங்கே கேட்கப் போகிறாள்!

எங்கள் ஊரில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவோம். அதுதான் வணக்கம், நலமா, எல்லாம். அதன் பிறகு ட்வெய்ட்டின் விரல் எழவில்லை. செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. எதிரே அவர் வண்டி வரும்போதெல்லாம் நடீன் அந்தக் கையையே பார்த்தாள்.

“அவருக்கு மூட்டுவாதமா இருக்கும், விடு,” என்றான் வெர்லின்.

“ஆகஸ்ட்ல பசு செத்த அன்னிக்கே வந்துச்சா அந்த வாதம்?”

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பனி கொட்டத் தொடங்கியது. இன்னும் ஒரு மணி நேரத்தில் பாதை மூடிவிடும் என்று வெர்லினை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கீழே, பெரிய ரோட்டை ஒட்டி இன்னொரு கேட்; எப்போதும் சாத்தியே இருப்பது, அன்று விரியத் திறந்து கிடந்தது. மான் வேட்டைக்கு வந்தவர்களுடையது போல பூட்ஸ் தடம் அருகில் இருந்தது. மாடுகள் வரிசையாக அதை நோக்கி வந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் மரம் ஏற்றிய லாரிகள் பறந்தன.

நடீனின் கை சங்கிலி வரை போய் நின்றுவிட்டது. சூடு கண்ட பூனை அல்லவா? ட்வெய்ட்டே திறந்துவைத்திருந்தால்? ரோட்டு வழியாக வேறு மந்தையை ஓட்டிவருகிறாரோ என்னவோ? போனில் சிக்னலும் இல்லை.

“சாத்திட்டு வா நடீன், நேரமாகுது!”

“தெறந்திருந்தா தெறந்தபடி விடணும்.”

“அப்ப விட்டுட்டு வா.”

“மாடு லாரியில அடிபட்டுடுமே!”

“அப்ப என்னதான் பண்ணப் போற?”

“நிக்கப் போறேன்.”

நின்றாள். திறந்த கேட்டின் நடுவில், கையை விரித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம். முன்னூறு பிள்ளைகளை அடக்கிய அதே குரலில், “ஏய், தள்ளாத! வரிசையில நில்லு!” என்று மாடுகளை அதட்டினாள். மாடுகளும் நின்றன. இடையிடையே திரும்பி, வண்டிக்குள் வெர்லினின் உதடு நீலமாகிறதா என்று பார்த்தாள். பாதை மூடிவிட்டது. இனி வீட்டுக்கும் திரும்ப முடியாது, மாடுகளை விட்டுவிட்டு டவுனுக்கும் போக முடியாது. எல்லாம் தன்னால்தான் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதுகொண்டே மாடுகளை விரட்டினாள்.

ரோட்டுப் பக்கமிருந்து டிராக்டர் வந்தது, முன்னால் பனி தள்ளும் தகட்டோடு. ட்வெய்ட் இறங்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, சாத்திருக்கலாம்ல?”

“நீங்கதானே சொன்னீங்க!”

“ரோட்டு கேட்டைக் கூடவா?” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நீங்க எங்க இந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உன் வீட்டுக்காரரு ரத்தம் பாக்கப் போகணும்ல? பாதையத் தள்ளிவிட வந்தேன்.”

அவர் மாடுகளை உள்ளே விரட்டி, இவர்கள் வண்டியை வெளியே விட்டு, கேட்டை இழுத்துச் சாத்தினார்.

“இனிமே நீயே பாத்து சாத்து. தெறக்கணும்னு தோணினா தெற. உனக்குக் கண்ணு இருக்கு.” டிராக்டரில் ஏறியவர் இரண்டு விரலைத் தூக்கினார்.

ரத்தம் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பினார்கள். நடீன் கேட்டைத் திறந்து, வண்டியை உள்ளே விட்டு, சாத்தினாள். நூறு அடி போனதும் வண்டியை நிறுத்தி, நடந்து வந்து சங்கிலியைப் பார்த்தாள். ஓடை எந்தப் பக்கம், மாடு எந்தப் பக்கம் என்று பார்த்தாள். வண்டிக்குப் போனவள் மறுபடியும் வந்தாள்.

“இப்ப என்ன பயம்? அவருதான் வெரலத் தூக்கிட்டாரே!” என்று வெர்லின் கத்தினான்.

“அதான் பயம். இனிமே மாடு செத்தா, தெரியாதுன்னு சொல்ல முடியாதே!”