பக்கெட் பாயின் எலுமிச்சை

உத்திரமேரூர் கடைத்தெருவில் 'பக்கெட் பாய்' என்றால் தெரியாதவர் கிடையாது. முழுப்பெயர் முகம்மது கௌஸ். பிளாஸ்டிக் பக்கெட், குடம், முறம், நாற்காலி எல்லாம் விற்கிறார். எதிர்வரிசையில் என் ஜெராக்ஸ் கடை. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவர் முகத்தில்தான் விழிக்கிறேன், எனக்கு ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. ஆனால் ஊர் அப்படிச் சொல்லாது. அவருடையது ராசியில்லாத கை என்று எப்போதோ முடிவுகட்டிவிட்டது. பக்கத்து டீக்கடையில் முதல் டீயை அவருக்குக் கொடுக்க மாட்டார்கள். வேறு யாராவது வந்து போணி பண்ணும்வரை பாய் பாய்லரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார். பாவம், கோபப்படவும் தெரியாத மனுஷன்.

ஊரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. லவ் பேர்ட்ஸ் வளர்த்தார், ஜோடியாகச் செத்தன. மீன் தொட்டி வைத்தார், கரண்ட் போனதோடு மீனும் போனது. பக்ரீத்துக்காக ஓர் ஆட்டுக்குட்டியை வாங்கி வளர்த்தார், பண்டிகைக்கு முந்தின நாள் அது தானாகவே போய்ச் சேர்ந்தது. அவருடைய மச்சான் முபாரக்குக்கு வாலாஜாபாத்தில் கறிக்கடை. அவர் கை ராசியான கை என்று சொந்தபந்தமெல்லாம் பேச்சு. தினமும் ஆடு அறுக்கிறவர் கைக்கு ராசி உண்டு, ஒரே ஓர் ஆட்டை வளர்க்கப் பார்த்தவர் கைக்கு இல்லை. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்படி இருக்கும்போது பாயின் ஒரே மகள் ஷாஹீதா பிள்ளை உண்டானாள். அவர்கள் வீட்டு வழக்கத்தில் பிறந்த குழந்தையின் நாக்கில் பேரீச்சம்பழத்தை நசுக்கித் துளி தொட்டு வைப்பார்கள். பாய்க்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. பேரனோ பேத்தியோ, முதல் ருசி தன் விரலில்தான் என்று மனைவி நசீராவிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பதில் சொல்ல அந்த அம்மா கடைக்கே வந்துவிட்டார்.

"முபாரக் அண்ணன் வெப்பாரு. உங்க கையில இதுவரிக்கும் இன்னா பொயச்சிகீது, சொல்லுங்க?"

"கொயந்தைய வளக்கவா கேட்டேன்? ஒரு சொட்டு வெக்கத்தான கேட்டேன்?"

அந்த நேரம் பார்த்துச் செடி விற்கிறவன் மொபெட்டில் போனான். நசீரா கையைத் தட்டி நிறுத்தினார். ஓர் எலுமிச்சங்கன்றை வாங்கிக் கணவர் கையில் திணித்தார்.

"ஒட்டுச் செடியாம், சீக்கிரம் காய்க்குமாம். கொயந்த பொறக்கறதுக்குள்ள உங்க கையால இதுல ஒரே ஒரு பளம் வரட்டும். அப்புறம் நீங்களே வைங்க. நான் குறுக்க வர்ல."

பாய் அந்தக் கன்றைத் தன் கடையின் சிவப்பு பக்கெட்டிலேயே நட்டு வாசலில் வைத்தார். அடியில் ஓட்டை போடச் சொல்லி நாங்கள் எல்லோரும் தலைதலையாக அடித்துக்கொண்டோம். மனுஷன் அதற்கு மட்டும் மசியவில்லை.

"இத்தினி வருஷமா ஓட்ட வுழாது, கேரண்டின்னு சொல்லி வித்துகினு கீறேன். என் வாசல்லயே ஓட்ட பக்கெட்ட வெச்சா எவன் வாங்குவான்?"

தண்ணீர் வெளியேற வழியே இல்லாத அந்த பக்கெட்டில் தெருவே தண்ணீர் ஊற்றியது. பாய் ஊற்றினார். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவி ஊற்றினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பாட்டிலில் மிச்சமிருந்ததைப் புண்ணியமாகப் போகட்டும் என்று ஊற்றினார்கள். நானும் சும்மா இருப்பானேன் என்று வடிகட்டிய காப்பித்தூளைக் கொண்டுபோய்க் கொட்டினேன். இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தது. மேலே தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு துள்ளியது. பாய் கையில் முதன்முதலாக ஓர் உயிர் பெருகியது என்றால் அது கொசுதான்.

கடைக்குப் பக்கத்தில் லோடு ஆட்டோ நிறுத்துகிற பச்சமுத்து ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"பாய், இது நோயி இல்ல. கண்ணு பட்டுகீது. அமாவாசைக்கு என் வண்டிக்குக் கட்டறப்ப இதுக்கும் ஒரு எலுமிச்சம்பளம் கட்டிடறேன்."

"எலுமிச்சஞ்செடிக்கே எலுமிச்சம்பளமா?" என்றேன்.

"டாக்டருக்கு ஒடம்பு சரியில்லன்னா டாக்டராண்டதான சார் போவாரு?"

"எங்க பயக்கத்துல இது இல்லியே, முத்து" என்று பாய் இழுத்தார்.

"உனுக்கா கட்டப்போறேன்? செடிக்குத்தான பாய்!"

செடி எந்த மதம் என்று பாயால் தீர்மானிக்க முடியவில்லை. விட்டுவிட்டார். பச்சமுத்து அமாவாசையன்று கன்றுக்கு ஊன்றியிருந்த குச்சியில் ஒரு பழத்தைக் கயிற்றில் கோத்துக் கட்டினான். கட்டிவிட்டு வண்டியை ரிவர்ஸ் எடுத்தவன் பக்கெட்டின் மேலேயே இடித்தான். கேரண்டி பக்கெட் அடிவரை விரிசல் விட்டது. தேங்கிக்கிடந்த கறுப்புத் தண்ணீர் தெருவில் ஓட, நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வியாபாரம் பார்த்தோம்.

சில வாரங்களில் கன்று துளிர்த்தது. தண்ணீர் வடிந்ததால் வேர் மூச்சு விட்டது என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். பாயும் பச்சமுத்துவும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எல்லாம் கட்டிய பழத்தின் மகிமையாம்! அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசை விடியலிலும் பச்சமுத்து பழைய பழத்தை அறுத்து ரோட்டில் எறிவான், புதுசு கட்டுவான். விடுமுறையே கிடையாது.

கன்று பூத்தது. பூவெல்லாம் கொட்டி ஒரே ஒரு பிஞ்சு நின்றது. அது பெருக்கப் பெருக்கப் பாய் சின்னதாகிக்கொண்டே போனார். சோறு இறங்கவில்லை. வாடிக்கையாளர் குடம் கேட்டால், பிஞ்சின் மேல் நிழல் விழாமல் தள்ளி நின்று கேட்கச் சொன்னார். காய் மஞ்சள் தட்டியதும் பயம் அதிகமாகி, கண் படாமலிருக்க மார்க்கரால் அதன்மேல் கறுப்புப் பொட்டு வைத்தார். கனம் தாங்காமல் கிளை முறிந்துவிட்டால்? அதற்காகப் பழத்தைக் கயிறு போட்டுக் குச்சியோடு கட்டினார். அந்த மாதத்துத் திருஷ்டிப் பழம் அழுகி விழுந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை.

ஷாஹீதாவுக்கு வலி கண்டு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் அமாவாசை. பழத்தைப் பறித்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போவதாகப் பாய் முந்தின மாலையே என்னிடம் சொல்லியிருந்தார். விடியலில் நான் ஷட்டரைத் தூக்கும்போது பச்சமுத்து குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு பக்கெட் அருகே நின்றுகொண்டிருந்தான். குச்சியில் கயிறு, கயிற்றில் பழம், பழத்தில் கறுப்புப் பொட்டு. அவனுக்குச் சந்தேகம் வர என்ன இருக்கிறது? "டேய்!" என்று நான் கத்துவதற்குள் இழுத்து அறுத்து ரோட்டில் வீசிவிட்டான். செங்கல்பட்டு பஸ் அதன்மேல் ஏறிப்போனது. தெரு முழுக்க எலுமிச்சை வாசனை.

பாய் அப்போதுதான் வந்தார். வெறும் கிளையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். தன் கடை நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். பச்சமுத்துவுக்கு விஷயம் புரிந்ததும் அழுதேவிட்டான். நசுங்கிக்கிடந்ததைத் தாரிலிருந்து சுரண்டினான். காம்பில் இலை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. என் ஜெராக்ஸ் பேப்பரில் அதை மடித்துக்கொண்டு, பாயை லோடு ஆட்டோவில் ஏற்றினான். சாட்சி சொல்ல என்னையும் ஏற்றினான்.

பெண் குழந்தை. வார்டில் முபாரக் வெள்ளைச் சட்டை போட்டுப் பேரீச்சம்பழத்தோடு தயாராக நின்றார். பச்சமுத்து பேப்பரை நசீரா முன்னால் விரித்தான்.

"யக்கா, சாமி சத்தியமா செடியில காச்ச பளந்தான். நாந்தான் தெரியாம அறுத்துட்டேன். பாய் மேல தப்பில்ல."

நசீரா அந்த நசுங்கிய பழத்தைப் புரட்டிப் பார்த்தார், முகர்ந்தார். இலையைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இன்னாங்க, கைய சோப்பு போட்டுக் கழுவினு வாங்க" என்றார்.

பாய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் நசீரா. முபாரக்கே வெக்கட்டும்."

"இத்தினி மாசமா இதுக்குத்தான கூத்தடிச்சீங்க?"

"ஒண்ணே ஒண்ணு வந்துது. அதுவும் பஸ்ஸுல மாட்டிகிச்சு. அது பளம், போனாப் போவட்டும். இது கொயந்த. என் கை வேணாம். எனுக்கு பயமா கீது."

ஊர் சொன்னதை அந்த மனுஷன் அதுவரை நம்பவே இல்லை, அன்றைக்குத்தான் நம்பினார். நசீரா அண்ணன் கையிலிருந்த பேரீச்சம்பழத்தைப் பிடுங்கினார். கணவரை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் அவர் கையைத் தானே தேய்த்துக் கழுவினார். ஆள்காட்டி விரலை மடங்கவிடாமல் பிடித்து, நசுக்கிய பேரீச்சம்பழத்தில் தொட்டு, பேத்தியின் வாயருகே கொண்டுபோனார்.

"உங்க கையில இன்னா பொயச்சிகீதுன்னு நாந்தான கேட்டேன்? இப்ப நாந்தான் சொல்றேன். வைங்க."

குழந்தை அந்த விரலை ஈறால் கவ்விக்கொண்டது, விடவில்லை.

"உடமாட்டேங்குதே நசீரா!" என்று பாய் அழுதார்.

"இருக்கட்டும். நீங்க எடுக்காதீங்க" என்றார் அந்த அம்மா.